கல்லுராசா படத்தின் கடைசிக் கட்டம்

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை நடத்தி வை என்பார்கள். குருவிக்கல் தோட்டத்துச் சிவசாமி ஒரே ஒரு பொய்யைச் சொல்லி ஒரு கல்யாணத்தை வருடக்கணக்கில் தள்ளிப் போட்டுவிட்டார். அப்படித்தான் அவர் நம்பினார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது மற்றவர்களுக்கு வெறும் பழமொழி. அவருக்கு அது காலையில் கண் விழித்ததும் தொடங்குகிற வேலை.

ஆளைப் பார்த்தால் யாருக்கும் கெடுதல் நினைக்கிறவராகத் தெரியமாட்டார். உண்மையிலேயே நினைக்கிறவரும் இல்லை. அக்கரப்பத்தனையிலிருந்து பஸ் போய்த் திரும்புகிற கடைசி இடத்துக்கும் மேலே இருக்கிறது குருவிக்கல். அங்கே தேயிலைத் தொழிற்சாலையை எல்லோரும் ஸ்டோர் என்பார்கள். அந்த ஸ்டோரின் மேல்மாடியில் பச்சைக் கொழுந்தைப் பரப்பி வாட்டுகிற இடத்தில் சிவசாமிக்கு வேலை. காலையில் போவார், பொழுது சாயத் திரும்புவார். மனைவி நாகலெட்சுமி மலையில் கொழுந்து பறிக்கிறவள். வீட்டில் பேச்செல்லாம் அவளுடையது, கேட்பதெல்லாம் அவருடையது. ஊரில் நாலு பேர் முன்னால் நின்று பேச அவருக்கு நாக்கு எழாது. அப்படிப்பட்டவரைத் தோட்டம் முழுக்க வாய் பிளந்து கேட்கும்படி செய்தது ஒரு ராஜா ராணிப் படம்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு. நாகலெட்சுமியின் தங்கை சவுதியில் வீட்டு வேலை பார்த்துவிட்டு வந்தபோது அக்காவுக்கு ஒரு டீவியும் ஒரு வீடியோ டெக்கும் கொண்டுவந்து கொடுத்தாள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குக் கரண்ட் வராத காலம் அது. கோயில் கமிட்டியிடம் ஜெனரேட்டர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பெரட்டு இல்லை, ஆள் எண்ணி மலைக்கு அனுப்புகிற சத்தம் இல்லை. பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவும் அன்றைக்குச் சும்மாதான் கிடக்கும். அதன் ஜன்னல்களில் கொழுந்துக்காரிகள் இடுப்பில் கட்டுகிற படங்கைத் தொங்கவிட்டால் பட்டப்பகலில் படம் பார்க்கலாம். சிவசாமி ஹட்டனுக்குப் போய், கடையில் கிடந்ததில் அட்டை பளபளப்பாக இருந்த ஒரு கெசட்டை வாங்கிவந்தார்.

அந்தப் படத்துக்கு ஒரு பெயர் இருந்தது. ஒருவரும் அதைச் சொன்னதில்லை. முதல் நாளே அதற்குக் கல்லுராசா படம் என்று பெயர் விழுந்துவிட்டது. மகரவேந்தன் என்று ஒரு இளவரசன், நிலவழகி என்று ஒரு இளவரசி. இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் உயிராக இருக்கிறார்கள். அது பொறுக்காத மந்திரவாதி, கல்யாண மேடையிலேயே மாப்பிள்ளையைக் கல்லாக்கிவிடுகிறான். அவன் உயிரை ஒரு விளக்கில் ஏற்றி இளவரசியின் கையில் கொடுத்து, இது எரிகிற வரைக்கும் அவன் சாகமாட்டான் என்று சொல்லிச் சிரிக்கிறான். அவளும் அந்த விளக்கை அணையவிடாமல், கோட்டைக் கதவை உள்ளே சாத்திக்கொண்டு, மழை காற்று பார்க்காமல் காத்துக் கிடக்கிறாள். நடுவிலே பேசும் கிளி உண்டு, கயிற்றுப் பாலத்தில் வாள் சண்டை உண்டு, புகை போட்டு உண்டாக்கிய மூடுபனி உண்டு. காலையில் மலைக்குப் போகும்போது நம்ம இடத்தில் இறங்குவது இதைவிடப் பெரிசு என்று பெண்கள் அந்தப் பனியைப் பார்த்துச் சிரித்தார்கள். அரண்மனைத் தோழிகள் ஒவ்வொரு பூவாகக் கிள்ளிக் கூடையில் போட்டபோது நாகலெட்சுமி, "இவளுக இந்த வேகத்துல பறிச்சா கங்காணி அரைநாள் சம்பளத்துக்கு அரைப்பேர்தான் போடுவாரு" என்றாள். காம்பரா குலுங்கியது.

கடைசியில்தான் வந்தது வினை. பல வருடம் கழித்து நிலவழகி விளக்கோடு கோட்டை உச்சிக்கு ஏறி, கல்லாக நிற்கிறவன் முன்னால் போய் நிற்கிறாள். விளக்கை முகத்துக்கு நேராகத் தூக்குகிறாள். அத்தோடு படம் நின்று, திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக ஓடியது. கடைக்காரன் நீளமான படத்தை நீளம் போதாத நாடாவில் பிடித்திருக்கிறான். நாடா தீர்ந்துபோயிற்று, கதை தீரவில்லை.

வேறு எந்த நாளாக இருந்தாலும் கடைக்காரனை நாலு வார்த்தை திட்டிவிட்டுக் கலைந்து போயிருப்பார்கள். அது மாசி மாதம். தோட்டத்தில் காமன் கூத்து நடந்துகொண்டிருந்தது. சிவன் கண்ணைத் திறந்து காமனை எரித்தாகிவிட்டது. ரதி அழுது புலம்பியாகிவிட்டது. மறுநாள்தான் காமனை எழுப்ப வேண்டும். மலையகத்தில் இதில் விளையாட்டே கிடையாது. எரித்த காமனை எழுப்பாமல் விட்டால் தோட்டத்துக்கு ஆகாது, மழை பொய்க்கும், வயிற்றுப் பிள்ளை தங்காது என்பார்கள். அந்த இரண்டு நாளுக்கு நடுவே, கட்டிக்கப் போனவன் கல்லாகி நிற்க, கட்டிக்கப் போனவள் விளக்கோடு நிற்க, கதை அந்தரத்தில் தொங்கிவிட்டது. கிழவிகள் எழுந்திருக்க மறுத்தார்கள். கூத்து மாஸ்டர் சோலைமலை மஞ்சள் துண்டோடு எழுந்து நின்றார்.

"ஏப்பா சிவசாமி, அவன் எந்திரிச்சானா இல்லையா?"

சிவசாமிக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அத்தனை கண்ணும் தன்மேல் இருந்ததில் அவருக்கு வேர்த்துவிட்டது. "எந்திரிச்சுட்டான் மாஸ்டர்," என்றார்.

"நீ பார்த்தியா?"

"பார்த்தேன். டவுன்ல, கடையில போட்டுக் காட்டுனாங்க."

"அப்ப எப்படி எந்திரிச்சான்னு சொல்லு. இப்படியே விட்டுட்டுப் போகக் கூடாது."

அப்போது வாய்க்கு வந்ததைச் சொன்னார். விளக்கு வெளிச்சம் கல்லின் நெஞ்சில் பட்டது, கல் வேர்த்தது, முதலில் கண் இமை அசைந்தது, பிறகு விரல், பிறகு அவன் மூச்சு விட்டான், அவள் பெயரைக் கூப்பிட்டான். சொல்லச் சொல்ல அவருக்கே மயிர்க்கூச்செறிந்தது. கிழவிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்தார்கள். சோலைமலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அதானே," என்றார்.

அந்த "அதானே"யோடு விட்டிருந்தால் போதும். விடவில்லை. அடுத்த மாதமே கல்லுராசா படத்தைத் திரும்பப் போடச் சொன்னார்கள். தீபாவளிக்குப் போடச் சொன்னார்கள், பெரிய பிள்ளையான வீட்டுச் சடங்குக்குப் போடச் சொன்னார்கள். நாடா முடிந்து புள்ளி ஓடத் தொடங்கியதும் எல்லாத் தலையும் சிவசாமி பக்கம் திரும்பும். அவர் எழுந்து டீவிக்கு முன்னால் நின்று மிச்சத்தைச் சொல்வார். நாளாக ஆகக் கதை வளர்ந்தது. கிளி வந்து தோளில் உட்கார்ந்தது. மந்திரவாதி தன் சூனியத்தில் தானே வெந்தான். மேல்பிரிவிலிருந்தும் அடுத்த தோட்டத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். படத்துக்கு வந்தார்களா, சிவசாமிக்கு வந்தார்களா என்று கேட்டால் நாகலெட்சுமி ஒரு மாதிரியாகச் சிரிப்பாள்.

இத்தனை காலம் அந்தப் படம் எப்படி நின்றது என்று நினைத்தால், அதில் ஒன்றும் அதிசயம் இல்லை. அந்த லயங்களில் காத்திருக்காத வீடு எது? ஒப்பந்தம் என்று சொல்லி ஆட்களைப் பிரித்து இந்தியாவுக்குக் கப்பலேற்றிய காலத்தில் அண்ணன் ஒரு கரை, தங்கை ஒரு கரையானார்கள். பேசி வைத்த பெண் இங்கே, மாப்பிள்ளை அங்கே என்று நின்றுபோன சம்பந்தங்கள் எத்தனையோ. யாராவது ஒருவன் கடைசியில் எழுந்து வந்தான் என்று கேட்க அவர்களுக்குப் பிடித்திருந்தது. அரண்மனையும் பட்டுப்புடவையும் வெறும் சாக்கு.

சிவசாமியின் வீட்டுக்கு மேல் வரிசையில் பேச்சியம்மா இருந்தாள். புருசன் இல்லாதவள், பேச்சும் அதிகம் இல்லாதவள். மலைக்குப் போவாள், வருவாள், வெற்றிலை போடுவாள். படம் போடுகிற நாளில் வாசலோரம் ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டு, முடிந்ததும் எழுந்து போய்விடுவாள். அவளுக்கு ஒரே மகன் அழகன். தொண்ணூற்று ஆறில் வட்டவளையிலிருந்து சண்முகவடிவு என்ற பெண்ணை அவனுக்குக் கட்டிவைத்தாள். பையனுக்குத் தோட்ட வேலை ஒத்துவரவில்லை. கொழும்பில் ஒரு கடையில் நின்றான். மாதம் ஒரு முறை வருவான். வரும்போதெல்லாம் சிவசாமியிடம், "மாமா, கல்லுராசாவைப் போடுங்க, சண்முகம் இன்னும் பார்க்கல," என்பான். அவள் பத்துத் தடவை பார்த்திருப்பாள்.

தொண்ணூற்று எட்டு ஆவணியோடு அழகன் வருவது நின்றது. கடைப் பக்கம் ஆமிக்காரர்கள் சுற்றி வளைத்துத் தேடினார்களாம், அடையாள அட்டை இல்லாத பையன்களை ஏற்றிக்கொண்டு போனார்களாம். கடை முதலாளி சொன்னது அவ்வளவுதான். சண்முகவடிவும் பேச்சியம்மாவும் கொழும்புக்குப் போய்த் தெரியாத சிங்களத்தில் கேட்க முடிந்த இடமெல்லாம் கேட்டார்கள். எங்கே கேட்டாலும் இல்லை என்ற ஒரே பதில். செத்தான் என்று சொன்னவர்களும் இல்லை, இருக்கிறான் என்று சொன்னவர்களும் இல்லை. திரும்பி வந்து இருவரும் மறுபடி கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனார்கள்.

அடுத்த மாசியில் வழக்கம்போலப் படம் போட்டார்கள். வழக்கம்போலச் சிவசாமி எழுந்து நின்றார். கல் வேர்த்தது, இமை அசைந்தது என்று சொல்லிக்கொண்டு வந்தவர் கூட்டத்தில் சண்முகவடிவைப் பார்த்தார். அவள் கண் கொட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் ஸ்டோரிலிருந்து திரும்பும்போது பேச்சியம்மா வீட்டு வாசலில் ஒரு மண்ணெண்ணெய்க் குப்பி லாம்பு எரிந்தது. காற்றுக்குக் கை மறைத்தபடி சண்முகவடிவு பக்கத்தில் குந்தியிருந்தாள். அதற்கு மறுநாளும் எரிந்தது, பகலிலும் எரிந்தது. பிறகு லயத்துக்குக் கரண்ட் வந்தது, எல்லா வாசலிலும் பல்ப் எரிந்தது, அந்த வாசலில் மட்டும் பல்ப்புக்குக் கீழே குப்பி லாம்பும் எரிந்தது.

முதல் நாள் அந்த விளக்கைப் பார்த்தபோது சிவசாமிக்கு வந்தது பெருமை. தன் வாய்ச்சொல்லுக்கு இவ்வளவு பலமா என்று ஒரு நிமிடம் நெஞ்சு நிமிர்ந்தது. இதற்காக அவர் தன்னை ஒருநாளும் மன்னிக்கவில்லை. ஒரு பெண்ணின் தாலிக்கயிற்றில் தன் பொய்யை முடிச்சுப் போட்டுவிட்டு அதற்குப் பெருமைப்பட்டவன் என்ன மனிதன் என்று பிறகு ராப்பகலாகக் கேட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு அந்த வாசலைக் கடக்க அவரால் முடியவில்லை. ஸ்டோருக்குப் போக நல்ல பாதை அந்த வாசல் வழியாகத்தான் இருந்தது. அதை விட்டுவிட்டுப் பின்பக்கம் மழைத் தண்ணீர் ஓடுகிற கானோரமாகத் தேயிலைச் செடிக்குள் புகுந்து போகத் தொடங்கினார். அது அட்டைக் காடு. தினமும் காலில் இரத்தம் வழியத்தான் வேலைக்குப் போய்ச் சேர்வார். "நல்ல பாதை இருக்க, நரி போற பாதையில போற ஒரே மனுசன் எம் புருசன்தான்," என்று நாகலெட்சுமி ஊரெல்லாம் சொன்னாள். அவர் உப்புத் துணியால் காலைத் துடைத்துக்கொண்டார். இந்தத் தண்டனையாவது இருக்கட்டும் என்று அவருக்கு எண்ணம்.

இதற்கிடையில் வட்டவளையில் கந்தப்பன் இருந்தான். சண்முகவடிவின் மாமன் மகன், மனைவியைப் பறிகொடுத்தவன். சிவனொளிபாதமலை சீசனுக்கு நல்லதண்ணியில் இனிப்புக்கடை போடுவான், மற்ற நாளில் தோட்ட வேலை. குடி கிடையாது, பேச்சு தன்மையானது. வருடம் ஒருமுறை பெரியவர்களை அனுப்பிக் கேட்பான். பேச்சியம்மா குறுக்கே நிற்கவில்லை. "சின்ன வயசு, போகட்டும்," என்றுதான் வந்தவர்களிடம் சொல்வாளாம். சண்முகவடிவுதான் மாட்டேன் என்றாள்.

"வெளக்கு எரியிற வீட்டை விட்டுட்டு எப்படி வர்றதுன்னு கேட்டாளாம்," என்று நாகலெட்சுமி வந்து சொன்ன அன்று சிவசாமிக்குச் சோறு இறங்கவில்லை. சண்முகவடிவின் தலையில் நரை விழுந்திருந்ததை அவர் பார்த்திருந்தார். இன்னும் ரெண்டு மூன்று வருடம் போனால் கந்தப்பனும் கேட்கமாட்டான்.

ஒருமுறை கதையை மாற்றப் பார்த்தார். புள்ளி ஓடியதும் எழுந்து, "அவ எவ்வளவு கூப்பிட்டும் அவன் எந்திரிக்கல," என்று தொடங்கினார். அவ்வளவுதான், காம்பரா இரண்டுபட்டது. சோலைமலை, அப்போது கண் மங்கிப்போன கிழவர், கம்பைத் தரையில் தட்டினார். "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சுப் பேசுற? பார்த்ததைச் சொல்லு." பார்த்ததைச் சொல்லச் சொன்னால் அவர் எதைச் சொல்வார்? பழைய கதையையே சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வாசலோரம் பேச்சியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். அதை அவர் கவனிக்கவில்லை. அவர் கண்ணெல்லாம் சண்முகவடிவின் மேல் இருந்தது. கூட்டுறவுக் கடையில் மண்ணெண்ணெய் வரிசையில் பேச்சியம்மா போத்தலோடு நிற்பதையும் அவர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். எல்லா வீட்டுக்கும்தான் மண்ணெண்ணெய் வாங்குகிறார்கள் என்று போய்விட்டார்.

இரண்டாயிரத்து ஐந்து தொடக்கத்தில் ஹட்டனில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஒரு டிஸ்க் கடையின் கம்பியில் கல்லுராசா படம் தொங்கியது. அட்டையில் அதே இளவரசி, கையில் அதே விளக்கு. சிவசாமிக்குக் கை கால் ஓடவில்லை. "கடைசி மட்டும் போட்டுக் காட்டுங்க தம்பி," என்று கேட்டார். டிஸ்க் ஓடுகிறதா என்று பார்க்கத்தான் கேட்கிறார் என்று நினைத்துக் கடைப் பையன் போட்டான்.

நிலவழகி விளக்கை இளவரசன் முகத்துக்கு நேராகத் தூக்கினாள். இத்தனை வருடம் அந்த இடத்தோடு நின்றது இப்போது நிற்காமல் மேலே போனது. கல் முகத்தில் கண் மட்டும் உயிரோடு இருந்தது. அதிலிருந்து தண்ணீர் வழிந்தது. அவளுக்கு அப்போதுதான் புரிகிறது. விளக்கு எரிகிற வரைக்கும் அவனுக்குச் சாவும் இல்லை, வாழ்வும் இல்லை. மந்திரவாதியின் சூனியமே அந்த விளக்குத்தான். தான் காப்பாற்றியது அவன் உயிரை அல்ல, அவன் வேதனையை. அவள் அவன் நெற்றியில் முத்தமிட்டு, வாயால் ஊதி விளக்கை அணைத்தாள். கல் மணலாக உதிர்ந்து காற்றோடு போயிற்று. அவள் படியிறங்கி வந்து, சாத்தியிருந்த கோட்டைக் கதவைத் தன் கையாலேயே திறந்தாள். வெளியே வெயில் அடித்தது.

பஸ்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தான். சிவசாமி கடை வாசலில் நின்று அழுதார். "டிஸ்க் சரிதானே அண்ணே?" என்று பையன் கேட்டதற்குத் தலையை ஆட்டினார்.

அக்கரப்பத்தனை வரைக்கும் பஸ்ஸில் அந்த டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். தான் சொன்னது வெறும் பொய் என்றுதான் இதுவரை நினைத்திருந்தார். அது தலைகீழான பொய் என்று இப்போது தெரிந்தது. ஊதி அணைக்க வேண்டிய விளக்கை எண்ணெய் ஊற்றி எரிக்கச் சொல்லியிருக்கிறார். சண்முகவடிவு இதைப் பார்த்தால் போதும், வேறு ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தார். தன் வாயால் சொல்லத் தைரியம் இல்லாததை டிஸ்க் சொல்லட்டும் என்று இருந்தார். கோழைக்கு இப்படி ஒரு வழி கிடைத்தால் அதைக் கடவுள் காட்டிய வழி என்றுதான் எடுத்துக்கொள்வான்.

மாசி கழியட்டும் என்று பொறுத்தார். காமனை எழுப்பி முடித்து அடுத்த ஞாயிறு படம் போட்டார். வீட்டுக்கு வீடு டீவி வந்து, தினமும் நாடகம் ஓடுகிற காலம். இருந்தும் கல்லுராசா என்றதும் பிள்ளைக் காம்பரா நிறைந்துவிட்டது. அந்த இடம் வந்ததும் பழக்க தோஷத்தில் எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. சிவசாமி எழுந்திருக்கவில்லை. படம் மேலே ஓடியது.

முடிந்ததும் தலைகள் மறுபடி அவர் பக்கம் திரும்பின. பிறகு பின்னாலிருந்து ஒருத்தன், "என்ன சிவசாமிண்ணே, நீங்க சொன்னது வேற மாதிரில்ல இருந்திச்சு," என்றான்.

"நான் டவுன்ல பார்த்தது வேற காப்பி," என்றார் சிவசாமி. ஒரு பொய்யை மறைக்க இன்னொரு பொய். ஆனாலும் இதுதான் கடைசி என்று நினைத்துக்கொண்டார்.

சண்முகவடிவு எழுந்து வந்தாள். கண் சிவந்திருந்தது. "படம் நல்லா இருந்திச்சு மாமா," என்று மட்டும் சொல்லிவிட்டு, மாமியாரின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலம் பேச்சியம்மா வாசலில் குப்பி லாம்பு எரியவில்லை. மறுநாளும் எரியவில்லை. சிவசாமி ஆறு வருடத்துக்குப் பிறகு நல்ல பாதையில் வேலைக்குப் போனார். காலில் அட்டை இல்லை, நெஞ்சில் கல் இல்லை. வைகாசியில் வட்டவளைக் கோயிலில் கந்தப்பனுக்கும் சண்முகவடிவுக்கும் மாலை மாற்றினார்கள். சிவசாமி போய் வயிறாரச் சாப்பிட்டார். பெண் குனிந்து காலைத் தொட்டபோது அவள் தலையில் கை வைத்தார். பேச்சியம்மாவும் வந்திருந்தாள். மகளுக்குச் செய்வதுபோல ஒரு சேலை வாங்கி வைத்துக் கொடுத்தாள். நல்ல மனுசி என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் மத்தியானம் பேச்சியம்மா அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். இரண்டு மாதத்தில் ஆள் பாதியாகியிருந்தாள். பெரட்டுக்கு வருவதில்லை என்று நாகலெட்சுமி சொல்லியிருந்தது அப்போதுதான் சிவசாமிக்கு நினைவு வந்தது.

"வாங்க பேச்சியக்கா. லெச்சுமி டவுனுக்குப் போயிருக்கா."

"தெரியும் தம்பி. அதான் வந்தேன்."

உள்ளே வந்து, பிள்ளைக் காம்பராவில் உட்காருகிற மாதிரியே வாசலோரமாக உட்கார்ந்தாள். சிவசாமி ஏதாவது பேச வேண்டுமே என்று, "சண்முகம் சொகமா இருக்காளா?" என்று கேட்டார்.

"இருக்கா. நல்லபடியா இருக்கா. எத்தனை வருசமா போ போன்னு சொன்னேன். கேட்டாளா? இந்த வெளக்கைப் பார்த்துக்கிட்டு நீங்க ஒத்தையில ஒக்காந்திருப்பீங்க, ஒங்களை விட்டுட்டு எப்படிப் போறதுன்னு அழுவா."

சிவசாமிக்கு விளங்கவில்லை. "அவ ஏத்துன வெளக்குத்தானேக்கா?"

"அவ எங்க ஏத்துனா? ஏத்துனது நானு." பேச்சியம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "மாசியில நீ நின்னு சொன்னியே, எந்திரிச்சுட்டான்னு. அன்னைக்கு ஏத்துனேன். அவ காத்து வந்தா கைய மறைச்சுப் பார்த்துக்குவா. எம் மனசு நோகக் கூடாதுன்னு."

ஆறு வருடம் அவர் கூட்டத்தில் ஒரு முகத்தையே பார்த்திருந்தார். வாசலோரம் இருந்த முகத்தை ஒருநாளும் பார்க்கவில்லை.

"அணைச்சதும் நான்தான்," என்றாள் பேச்சியம்மா. "படம் முடிஞ்சு வீட்டுக்குப் போயி, அந்தப் பொண்ணு ஊதுன மாதிரியே ஊதுனேன். எம் புள்ளை சாகவும் முடியாம வாழவும் முடியாம எங்கயோ கிடந்து தவிக்கிறானோ, நான்தான் புடிச்சு வச்சிருக்கேனோன்னு பயந்துட்டேன். அவளாவது போயி நல்லா இருக்கட்டும்னும் நெனச்சேன். ஊதிட்டேன் தம்பி. அதுல இருந்து கை நடுங்குது. கொழுந்தைப் புடிக்க முடியல."

கையை நீட்டினாள். தேயிலைக் கறை ஏறிக் கறுத்த விரல்கள் நிற்காமல் ஆடின.

"பெத்தவளே புள்ளையை ஊதி அணைச்சிட்டேனோன்னு இருக்கு. சோறு இறங்கல. நீ அன்னைக்கு ஒண்ணு சொன்னியே, டவுன்ல பார்த்தது வேற காப்பின்னு. அதுல எந்திரிச்சான்தானே?"

சிவசாமிக்கு அந்த நிமிடம் செத்துப்போனால் தேவலை என்றிருந்தது. அப்படி ஒரு காப்பி இல்லை. எந்த ஊரிலும் இல்லை. பொய் சொல்லி இவளை ஆறு வருடம் காக்க வைத்தார். உண்மையைக் காட்டி இவள் கையாலேயே மகனை அனுப்ப வைத்தார். இரண்டும் அவர் செய்ததுதான். இனி எதைச் சொன்னாலும் அதுவும் அவர் செய்ததாகத்தான் இருக்கும்.

"கண்ணால பார்த்தியா தம்பி?"

"பார்த்தேன்க்கா," என்றார்.

"அப்ப சொல்லு. பழைய மாதிரி நின்னு சொல்லு."

அணைந்து கிடந்த டீவிக்கு முன்னால் போய் நின்றார். கேட்க ஒரே ஒரு ஆள். கிளியைக் கொண்டுவரவில்லை, மந்திரவாதியைக் கொண்டுவரவில்லை. விளக்கு வெளிச்சம் கல்லின் நெஞ்சில் பட்டது. கல் வேர்த்தது. இமை அசைந்தது, விரல் அசைந்தது. அவன் மூச்சு விட்டான். எழுந்து வந்தான். சொல்லி முடித்தபோது சிவசாமியின் முகம் நனைந்திருந்தது. பேச்சியம்மா மெல்லத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிந்தினாலும் பஸ் வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டவள்போல இருந்தாள்.

முழங்காலைப் பிடித்து எழுந்தாள். "நெருப்புப்பெட்டி இருந்தா குடு தம்பி. எங்க வீட்டுது நமுத்துப் போச்சு."

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அடுப்பங்கரைக்குப் போய் எடுத்துவந்து, நடுங்குகிற அந்தக் கையில் வைத்து மூடினார்.

பொழுது சாயும்போது மேல் வரிசையில் குப்பி லாம்பு எரிந்தது. மறுநாள் காலையில் சிவசாமி காலில் உப்பைத் தேய்த்துக்கொண்டு, அட்டைக் காட்டு வழியாக வேலைக்குப் போனார்.